பரிசோதனை எங்கே முடிகிறது? அமெரிக்கப் பெண்களின் தடுப்பு மருத்துவமும் இன்சூரன்ஸ் பில்லும்

அமெரிக்காவில் வேலை வழியாக இன்சூரன்ஸ் வைத்திருக்கும் நாற்பது வயதுப் பெண் மேமோகிராம் எடுக்கப் போனால், கையிலிருந்து பெரும்பாலும் ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான எக்ஸ்ரே அது. தடுப்பு மருத்துவக் கணக்கில் வருவதால் முழுச் செலவும் இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. அப்படி எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஒரு இடம் தெளிவாக இல்லை, இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பத்துப் பேரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் பலருக்கு பில் மட்டும் வந்துவிடும்.

அதே ஆஸ்பத்திரி, அதே மெஷின்தான். ஆனால் கணக்கில் முதல் படம் ஸ்கிரீனிங், இரண்டாவது படம் டயக்னாஸ்டிக். முதலாவது இலவசம். இரண்டாவது டிடக்டிபிளில் போய் விழும், அதாவது இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய தொகையில். மேமோகிராம் என்றால் சில நூறு டாலர். எம்.ஆர்.ஐ. வரை போனால் ஆயிரத்தைத் தொடும்.

2026ல் தொடங்கும் பாலிசி ஆண்டுகளிலிருந்து இது மாறியிருக்கிறது. இதற்காகப் புதிய சட்டம் எதுவும் வரவில்லை. எச்.ஆர்.எஸ்.ஏ. என்ற மத்திய அரசு நிர்வாகம் பெண்களுக்கான தன் தடுப்புச் சேவைப் பட்டியலில் சேர்த்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. முதல் படத்துக்குப் பின் எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட், மறுபடி மேமோகிராம், திசுப் பரிசோதனை ஆகியவை தேவைப்பட்டால் அவையும் ஸ்கிரீனிங்கை முடித்துவைக்கும் பகுதியே என்கிறது அந்த வாக்கியம். ஒரு குழு எழுதும் மருத்துவப் பரிந்துரை நேரடியாக பில்லை மாற்றுவது அமெரிக்காவின் ஒரு விசித்திரம். பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பட்டியல் எப்படி மாறி வந்தது என்று பார்த்தால், ‘எதெல்லாம் பரிசோதனை’ என்ற கேள்வி மெல்ல மெல்ல ‘பரிசோதனை எங்கே முடிகிறது’ என்ற கேள்வியாக மாறியிருப்பது தெரியும்.

பரிந்துரை விலைப்பட்டியலான கதை

2010 மார்ச்சில் கையெழுத்தான, ஒபாமாகேர் எனப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 2713 என்றொரு பிரிவு இருக்கிறது. தடுப்புச் சேவைகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கோ-பே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு), டிடக்டிபிள் எதுவும் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் எவை தடுப்புச் சேவைகள் என்று சட்டம் தானே பட்டியல் போடவில்லை. நான்கு இடங்களைக் கைகாட்டிவிட்டு நின்றுகொண்டது. ஒன்று, அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு ‘ஏ’ அல்லது ‘பி’ தரம் கொடுத்தவை. இரண்டு, தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைத்த ஊசிகள். மூன்று, குழந்தைகளுக்கான தனிப் பட்டியல். நான்கு, பெண்களுக்கான தனிப் பட்டியல். கடைசி இரண்டும் எச்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் சுகாதார வளங்கள், சேவைகள் நிர்வாகத்தின் ஆதரவோடு வருபவை.

முதல் குழுவே எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்போது பெண்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் எதற்கு? விடை 2009 நவம்பரில் இருக்கிறது.

பணிக்குழு 1984லிருந்து இயங்குகிறது. சம்பளம் வாங்காத பதினாறு நிபுணர்கள் ஆய்வுகளைப் படித்து, ஒரு பரிசோதனையால் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று எடைபோட்டுத் தரம் கொடுப்பார்கள். 2002ல் நாற்பது வயதிலிருந்து ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்று சொல்லியிருந்தார்கள். 2009 நவம்பரில் அதை மாற்றினார்கள்: ஐம்பதிலிருந்து எழுபத்து நான்கு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு எல்லாருக்கும் பொதுவாக வேண்டாம், டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம். தரம் ‘சி’. நாற்பதுகளில் புற்றுநோய் குறைவு, தேவையற்ற பயமும் தேவையற்ற திசுப் பரிசோதனையும் அதிகம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த நேரத்தில்தான் செனட்டில் ஒபாமாகேர் விவாதம் சூடுபிடித்திருந்தது. மசோதாவோ ஏ, பி தரங்களுக்குத்தான் இலவசம் என்றது. அப்படியானால் ‘சி’ என்றால் என்ன பொருள்? நாற்பதுகளில் இருக்கும் பெண்களின் மேமோகிராமை எந்த இன்சூரன்ஸும் இலவசமாகத் தரத் தேவையில்லை என்று பொருள். குழு பரிசோதனையை மதிப்பிட்டது. நாடோ அதை விலைப்பட்டியலாக வாசித்தது. என் பார்வையில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அறிவியல் தரத்தையும் பணத்தையும் ஒரே முடிச்சில் கட்டிய பிறகு, தரம் மாறும்போதெல்லாம் முடிச்சு இறுகத்தான் செய்யும்.

மேரிலாண்ட் செனட்டர் பார்பரா மிக்குல்ஸ்கி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பணிக்குழுவின் பட்டியலில் பெண்களுக்கான தேவைகள் பல விடுபடுகின்றன, அவற்றுக்குத் தனி வழிகாட்டுதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். 2009 டிசம்பர் 3 அன்று 61க்கு 39 என்று நிறைவேறியது. அதோடு லூசியானாவின் டேவிட் விட்டர் கொண்டுவந்த இன்னொரு ஒட்டும் சேர்ந்தது. மார்பகப் பரிசோதனையைப் பொறுத்தவரை பணிக்குழுவின் மிக அண்மைப் பரிந்துரையே செல்லும், ஆனால் ‘2009 நவம்பரில் அல்லது அதையொட்டி’ வந்தவை நீங்கலாக என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஒரு மருத்துவக் குழுவின் ஒரு குறிப்பிட்ட மாதத்துப் பரிந்துரையை மட்டும் பார்க்காதே என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்வது வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

விளைவாக இரண்டு மணிகள் அடித்தன. டாக்டருக்கான ஏடு ஐம்பது என்றது, இன்சூரன்ஸுக்கான ஏடு 2002ஐப் பிடித்துக்கொண்டு நாற்பது என்றது. 2016ல் பணிக்குழு மறுபடியும் நாற்பதுகளுக்கு ‘சி’ கொடுத்தபோது நாடாளுமன்றம் அந்த விலக்கை நீட்டித்தது. கடைசியில் 2024 ஏப்ரல் 30 அன்று பணிக்குழு தானே நாற்பதுக்கு இறங்கி வந்தது. நாற்பது முதல் எழுபத்து நான்கு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ‘பி’ தரம். நாற்பதுகளில் இருப்பவர்களிடையே மார்பகப் புற்றுநோய் கூடி வருவதும், கறுப்பினப் பெண்கள் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாக இருப்பதும் அந்த முடிவில் பெரிய இடம் பிடித்தன.

எட்டில் தொடங்கிய பட்டியல்

மிக்குல்ஸ்கி திருத்தம் ஒரு காலிப் பெட்டியைத்தான் உருவாக்கியது. அதற்குள் என்ன வைப்பது என்று தீர்மானிக்க இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் எனப்படும் மருத்துவக் கழகத்தின் பதினாறு பேர் குழு 2011 ஜூலையில் அறிக்கை தந்தது. எட்டுச் சேவைகள்: கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை, எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) பரிசோதனை, பால்வினை நோய் ஆலோசனை, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும், கருத்தடை, தாய்ப்பால் ஊட்டலுக்கான உதவி, குடும்ப வன்முறை பற்றிய விசாரிப்பு, ஆண்டுதோறும் ஒரு முழு உடல்நலச் சந்திப்பு. அடுத்த மாதமே எச்.ஆர்.எஸ்.ஏ. ஏற்றுக்கொண்டது. 2012 ஆகஸ்டிலிருந்து தொடங்கும் பாலிசிகளுக்கு நடைமுறைக்கு வந்தது.

இந்த எட்டில் மற்ற ஏழு சேவைகளைப் பற்றிப் பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை. கருத்தடையை மட்டும் பிடித்துக்கொண்டு பத்தாண்டு வழக்கு நடந்தது. 2014ல் ஹாபி லாபி வழக்கில், முதலாளிகளின் மத நம்பிக்கைக்கு முரணானால் சில தனியார் நிறுவனங்கள் கருத்தடைச் செலவைத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சொன்னது. 2020ல் 7க்கு 2 என்ற தீர்ப்பில், மதக் காரணத்துக்கான விலக்கை அரசு விரிவாக்கியது செல்லும் என்றது. அந்த இரண்டாவது தீர்ப்பில் எல்லாரும் விலக்கைப் பற்றியே பேசினார்கள். அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. பட்டியலில் எதை வைப்பது, யாருக்கு விலக்குக் கொடுப்பது என்பதில் எச்.ஆர்.எஸ்.ஏ.வுக்குச் சட்டம் மிகப் பரந்த அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கூட்டவும் முடியும் என்றால் குறைக்கவும் முடியும். இந்த விஷயத்துக்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

2016ல் பட்டியலைத் தொடர்ந்து பராமரிக்கும் வேலை மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பு தலைமையிலான ஒரு கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றிலிருந்து முறை இதுதான்: கூட்டமைப்பு ஆய்வுகளைத் தொகுத்து வரைவு எழுதும், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், எச்.ஆர்.எஸ்.ஏ. ஏற்றுக் கையெழுத்திடும். கையெழுத்தான நாளிலிருந்து ஓர் ஆண்டு கழித்துத் தொடங்கும் பாலிசி ஆண்டில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதைப் பின்பற்றியாக வேண்டும். பெரும்பாலான பாலிசிகள் ஜனவரி 1ல் தொடங்குபவை. ஆகவே டிசம்பர் கடைசியில் கையெழுத்தானால் ஓராண்டில் வேலை முடியும், பிப்ரவரிக்குத் தள்ளினால் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். 2021லும் 2024லும் திருத்தங்கள் டிசம்பர் 30 தேதியிட்டு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடுவில் வந்த திருத்தங்கள் தலைப்புச் செய்தி ஆகவில்லை, ஆனால் கவனிக்கத்தக்கவை. 2019ல் பதின்மூன்று வயதிலிருந்து எல்லாப் பெண்களுக்கும் மனப்பதற்றப் பரிசோதனை சேர்ந்தது. கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களும் இதில் அடக்கம். பணிக்குழு பெரியவர்களுக்கு இதே பரிந்துரையைத் தர 2023 வரை ஆனது. 2021 திருத்தத்தில் தாய்ப்பால் பம்ப் பற்றிய ஒரு வரி இருக்கிறது. முதலில் கையால் இயக்கும் பம்ப்பை முயன்று தோற்ற பிறகுதான் மின்சார பம்ப் என்று நிபந்தனை போடக் கூடாது, இருபக்க மின்சார பம்ப்புக்கு முன்னுரிமை வேண்டும் என்கிறது. வேலைக்குத் திரும்பும் தாய்மாரிடம் இன்சூரன்ஸ் கம்பெனிகள் என்ன சொல்லி இழுத்தடித்திருக்கும் என்று ஊகிக்க அந்த ஒரு வரி போதும். வழிகாட்டுதல்களைப் படிக்கும்போது இப்படிப்பட்ட வரிகளைத்தான் நான் தேடுவேன். ‘கூடாது’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தால், அதுவரை யாரோ அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

2022 இறுதியில் சர்க்கரை பற்றிய இரண்டு பகுதிகள் திருத்தப்பட்டன. கர்ப்பத்தில் 24 முதல் 28 வாரத்துக்குள் பரிசோதனை என்பது பழையதுதான். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிரசவம் முடிந்த முதல் ஆண்டுக்குள் மறுபடி பார்க்க வேண்டும், நான்கிலிருந்து ஆறு வாரத்திலேயேகூடப் பார்க்கலாம் என்ற பகுதி நம்மவர்களுக்கு முக்கியமானது. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நிம்மதியாகி, குழந்தையின் தடுப்பூசி அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டு தன் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எல்லா வீட்டிலும் நடப்பது.

தொடரும் பரிசோதனை

அதுவரை வந்த திருத்தங்கள் பெரும்பாலும் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பவை, அல்லது இருந்ததைச் செதுக்குபவை. 2024 டிசம்பர் திருத்தம் வேறு ரகம். ஏற்கெனவே இருந்த மேமோகிராமின் எல்லையையே அது தள்ளி வைத்தது.

இதற்கு முன்னோடி குடல் பரிசோதனையில் இருந்தது. கொலோனாஸ்கோபி இலவசம் என்று நம்பிப் போய்ப் படுத்தவர், மயக்கம் தெளிந்து எழும்போது பில்லோடு எழுந்த காலம் ஒன்று உண்டு. உள்ளே ஒரு சிறு கட்டியைக் கண்டு டாக்டர் அகற்றினால், பரிசோதனை சிகிச்சையாக மாறிவிட்டது என்று கணக்கு எழுதுவார்கள். கட்டியை அகற்றுவதும் பரிசோதனையின் பகுதிதான், பணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு 2013ல் விளக்கம் கொடுத்தது. மலப் பரிசோதனையில் சந்தேகம் வந்தபின் செய்யும் கொலோனாஸ்கோபியும் இலவசம் என்று சொல்ல 2022 ஆனது. சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, தீர்த்துவைக்கும் பரிசோதனைக்கு மட்டும் காசு கேட்பது என்ன நியாயம் என்ற வாதம் அங்கே ஜெயித்தது.

மார்பகப் பரிசோதனையில் அந்த வாதத்தை முதலில் எடுத்தவை மாநிலங்கள். டெக்சஸ் 2021லேயே சட்டம் போட்டது, வேறு பல மாநிலங்களும் போட்டன. ஆனால் மாநிலச் சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் அட்டையில் இருக்கும், வேலை கணக்குப் பார்ப்பது மட்டுமே. இத்தகைய திட்டங்கள் மத்தியச் சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவை. வேலை வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இவற்றில்தான் இருக்கிறார்கள். ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்யும் நம்மவர் குடும்பங்களில் பெரும்பகுதி இதற்குள் வரும். எனவே மத்தியப் பட்டியலில் அந்த வாக்கியம் ஏறியதுதான் உண்மையான மாற்றம்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது: வழிகாட்டும் உதவியாளர். மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளுக்கு எங்கே போவது, எப்போது போவது, வண்டிக்கு என்ன செய்வது, மொழி தெரியாவிட்டால் யார் பெயர்ப்பது என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்து உதவும் சேவை. இதையும் இன்சூரன்ஸ் இலவசமாகத் தர வேண்டும். காகிதத்தில் அருமையாக இருக்கிறது. ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஆள் இருக்கிறார், எந்த கோடில் (சேவைக்கான குறியீட்டு எண்ணில்) பில் போடுவார் என்பதெல்லாம் ஒழுங்காவதற்குக் காலம் பிடிக்கும். மேமோகிராம் பில்லைப் போல உடனே கண்ணில் படும் மாற்றமாக இது இருக்காது என்றே நினைக்கிறேன்.

அடர்ந்த மார்பகத் திசு உள்ளவர்களின் நிலை இன்னும் குழப்பமானது. நாற்பதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் திசு அடர்த்தியாக இருக்கும். எக்ஸ்ரே படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, அதனால் கட்டி மறைந்துபோகலாம். 2024 செப்டம்பர் 10 முதல் ஒவ்வொரு மேமோகிராம் நிலையமும் திசு அடர்த்தியைப் பெண்ணுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்பது எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி. சரி, சொன்னார்கள். அப்புறம்? அடர்த்தி என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதலாக அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுப்பதில் பலன் உண்டா என்று முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்கிறது பணிக்குழு. அந்தத் தரத்துக்கு ‘ஐ’ என்று பெயர், அதற்கு இலவசம் கிடையாது. எச்.ஆர்.எஸ்.ஏ.வின் புதிய வாக்கியமோ கூடுதல் படம் தேவைப்பட்டால் இலவசம் என்கிறது. வெறும் அடர்த்தி மட்டும் அந்தத் ‘தேவை’க்குள் வருமா என்பதில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குச் சாதகமாக வாசிக்க இடமிருக்கிறது. உன் திசு அடர்த்தியானது, இந்தப் படம் உனக்குப் போதாமல் போகலாம் என்று ஒரு அரசுத் துறை கடிதம் எழுத வைக்கிறது. போதுமான படத்துக்கு யார் பணம் தருவது என்பதை இன்னொரு துறை முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் இதே போக்கு. 2026 ஜனவரியில் எச்.ஆர்.எஸ்.ஏ. அறிவித்த திருத்தத்தின்படி முப்பதிலிருந்து அறுபத்தைந்து வயதுப் பெண்கள் எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைத் தாங்களே எடுத்துத் தரலாம். முதல் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் அடுத்து வேண்டிய பரிசோதனைகளும் ஸ்கிரீனிங்கோடு சேர்த்தே கணக்கு. 2027 ஜனவரி 1 முதல் இன்சூரன்ஸ் தர வேண்டும். தானே மாதிரி எடுப்பதை டாக்டர் அலுவலகத்துக்குள் எஃப்.டி.ஏ. 2024 மே மாதத்திலும், வீட்டிலேயே எடுப்பதற்கான முதல் கருவியை 2025 மே மாதத்திலும் அனுமதித்தது.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறக்கிறார்கள். இந்த நோய் வருபவர்களில் கணிசமானோர் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள், அல்லது பல ஆண்டுகள் விட்டுவிட்டவர்கள். கூச்சம், வலி, பழைய கசப்பான அனுபவம், லீவு கிடைக்காதது என்று காரணங்கள் பல. மேசையில் படுத்துக் காலை உயர்த்தி வைக்கும் அந்தப் பரிசோதனைக்குப் பயந்தே டாக்டர் பக்கம் போகாத நம் பெண்களும் கொஞ்சப் பேர் இல்லை. அவர்களில் ஒரு பகுதியாவது இதனால் பரிசோதனைக்கு வந்தால் பலன் பெரிது.

பேனா யார் கையில்

இவ்வளவும் நடக்கும்போது, இந்த அமைப்பே செல்லாது என்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைக்கு 2019ல் பணிக்குழு ‘ஏ’ தரம் கொடுத்தது. அதற்குத் தன் ஊழியர் காப்பீட்டில் பணம் தரத் தன் மத நம்பிக்கை இடம் தராது என்று டெக்சஸைச் சேர்ந்த பிரெய்ட்வுட் மேனேஜ்மென்ட் நிறுவனம் வழக்குப் போட்டது. வழக்கு மேலே போகப் போக மதம் பின்னால் போய் அரசியலமைப்புக் கேள்வி முன்னால் வந்தது. பணிக்குழு உறுப்பினர்களை அதிபர் நியமிக்கவில்லை, செனட் ஒப்புதல் தரவில்லை. அப்படிப்பட்டவர்கள் எழுதியது எப்படி நாட்டையே கட்டுப்படுத்தும்?

2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அமைப்பைக் காப்பாற்றியது. நீதிபதி பிரெட் கவனா எழுதிய தீர்ப்பு சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது. இந்த உறுப்பினர்கள் சுகாதார அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவர்கள், அவர் நினைத்தால் நீக்கலாம், அவர்கள் பரிந்துரை நடைமுறைக்கு வரும்முன் பரிசீலித்து நிறுத்தலாம், ஆகவே நியமனம் செல்லும் என்றது. உறுப்பினர்கள் சுதந்திரமாகவும் இயன்றவரை அரசியல் அழுத்தத்துக்கு உட்படாமலும் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருப்பது அதே குழுவைப் பற்றித்தான். இலவசப் பரிசோதனை பிழைத்தது. அதற்கான விலையாகக் கடிவாளம் அமைச்சர் கைக்குப் போனது.

அப்போது அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர். அதே ஜூன் மாதத்தில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் பதினேழு உறுப்பினர்களையும் ஒரேயடியாக நீக்கியிருந்தார். தீர்ப்பு வந்த அடுத்த மாதம் பணிக்குழுவின் ஜூலைக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பெண்களுக்கான பட்டியலோ தொடக்கத்திலிருந்தே அமைச்சரின் துறைக்குள்தான் இருக்கிறது. அதற்குப் பணிக்குழுவுக்கு இருந்த அளவு சுதந்திரம்கூட எழுத்தில் கிடையாது. ஆனாலும் 2026 ஜனவரியில் வந்த திருத்தம் பட்டியலை விரிக்கத்தான் செய்தது. ஆகவே எல்லாம் முடிந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு தேர்தலில் விரிந்தது இன்னொரு தேர்தலில் சுருங்கலாம் என்பது மட்டும் இப்போது சட்டப்படியே உண்மை.

எந்த பில்லை எதிர்த்துக் கேட்கலாம்

இலவசம் என்பதற்கு ஓரங்கள் உண்டு. நெட்வொர்க்குக்கு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள டாக்டர், ஆஸ்பத்திரி வட்டத்துக்கு, வெளியே போனால் பொதுவாக இலவசம் இல்லை. 2010க்கு முன்பிருந்து பெரிதாக மாறாமல் ஓடும் பழைய பாலிசிகளுக்கும், குறுகிய காலப் பாலிசிகளுக்கும், மத அமைப்புகள் நடத்தும் செலவுப் பகிர்வுத் திட்டங்களுக்கும் 2713 பொருந்தாது. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் அம்மாவுக்கு வாங்கும் விசிட்டர் இன்சூரன்ஸும் இந்தச் சட்டத்துக்கு வெளியேதான். அதை வைத்துக்கொண்டு, வந்த இடத்தில் அம்மாவுக்கு ஒரு மேமோகிராம் எடுத்துவிடலாம் என்று நினைத்தால் முழுத் தொகையும் பிள்ளைகள் தலையில் விழும்.

ஆண்டுச் சந்திப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சந்திப்பு இலவசம். ஆனால் ‘வந்ததே வந்தோம், இந்த முழங்கால் வலியையும் கேட்டுவிடலாம்’ என்று ஆரம்பித்தால், டாக்டர் அதைத் தனிச் சந்திப்பாக பில்லில் ஏற்றலாம், கோ-பே வரும். நம்மவர்களுக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை, கேட்டால் தனிக் கணக்காகுமா என்று அங்கேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

மேமோகிராமுக்குப் பின் கூப்பிட்டு எடுத்த படத்துக்கு பில் வந்தால், முதலில் பாலிசி ஆண்டு 2026லோ அதன் பிறகோ தொடங்கியதா என்று பார்க்க வேண்டும். ஜூலையில் தொடங்கும் கம்பெனித் திட்டம் என்றால் 2026 ஜூலையிலிருந்துதான் புதிய விதி. அடுத்து, ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் எந்த கோடில் அனுப்பினார்கள் என்று கேட்கலாம். தடுப்புச் சேவை என்பதைக் காட்ட 33 என்றொரு குறி உண்டு, அது விடுபட்டாலே கம்பெனியின் கணினி டிடக்டிபிளில் போட்டுவிடும். பாதிச் சண்டை கோடைத் திருத்தி மறுபடி அனுப்புவதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கம்பெனியிடமே மேல்முறையீடு. அங்கும் இல்லை என்றால், மருத்துவத் தேவை சார்ந்த மறுப்புகளுக்கு நான்கு மாதத்துக்குள் வெளியாள் பரிசீலனை கேட்கலாம். கம்பெனி தானே செலவேற்கும் திட்டமா, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிய திட்டமா என்பதை எச்.ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது என்றால் புகார் மத்தியத் தொழிலாளர் துறைக்கு, இரண்டாவது என்றால் மாநில இன்சூரன்ஸ் துறைக்கு.